மிக்ஸிக்குப் பதில் டோஸ்டர்

தெருவில் எல்லோருக்கும் அவள் பல்செட் அக்கா. பல் மருத்துவமனையின் பின்னறையில் பதினெட்டு வருடமாகச் செயற்கைப் பற்கள் செய்கிறாள். ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு அவள் கைவேலை. மாமியார் மட்டும் அவள் செய்து கொடுத்த பல்லை டப்பாவை விட்டு எடுப்பதில்லை. "வாய்க்குள்ள வேற யாரோ குடியிருக்கற மாதிரி இருக்கு" என்பார். வெந்த காயோ பழமோ, மிக்ஸியில் கூழாக அரைத்தால்தான் அவருக்கு உள்ளே இறங்கும்.

அந்த மிக்ஸி ஏழாம் மாதமே கருகல் வாடை விட்டு நின்றுபோனது. வாரண்டி இரண்டு வருடம். வாங்கிய கடையில் கொடுத்தாள், சரிசெய்து தந்தார்கள். நான்காம் நாள் மறுபடி அதே வாடை. மறுபடி தூக்கிக்கொண்டு போனாள். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே மென்று விழுங்கினார்.

"மோட்டார் போயிடுச்சுக்கா. புதுசு கிடைக்காது. இந்த மாடலையே கம்பெனில நிறுத்திட்டாங்க."

"அப்ப வேற மிக்ஸி குடுங்க."

"வாரண்டில அதே மாடலைத்தான் மாத்தித் தர முடியும்."

"அதே மாடல்தான் இல்லையே?"

"ஆமா. அதனாலதான் மாத்த முடியல."

தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சேர்த்துப் பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் தொழிலில் பல்செட் பொருந்தவில்லை என்றால் மறுபடி அளவெடுத்து வேறு செய்து தருவாள். உங்கள் வாய் மாடலை நிறுத்திவிட்டார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டாள். கடையில் கேளுங்கள் என்றார்கள். கடையில் கம்பெனியைக் கைகாட்டினார்கள். மறுநாள் போனில் ஒரு செய்தி வந்தது: 'உங்கள் புகார் திருப்திகரமாக முடிக்கப்பட்டது.' யாருக்குத் திருப்தி என்று அதில் இல்லை.

அடுத்த வாரம் கடையிலிருந்தே கூப்பிட்டு, அதே விலைக்கு ஒரு டோஸ்டரைக் கையில் கொடுத்தார்கள். வெறுங்கையோடு போவதற்கு இது தேவலை என்று வாங்கி வந்துவிட்டாள். மாமியார் பெட்டியின் மேலிருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, ரொட்டியை மொறுமொறுன்னு ஆக்கறதா இது? எனக்கா?"

"அதே விலையாம் அத்தை."

"விலையை யாரு திங்கறது? வாங்கிக்கிட்டேன்னு எதுலயாவது கையெழுத்துப் போட்டியா?"

"கேட்டாங்க. கண்ணாடி கொண்டு வரல, படிக்காம போட மாட்டேன்னுட்டேன்."

"அந்த மட்டும் பிழைச்ச" என்றார் மாமியார்.

மறுநாள் மதியம் வேலைக்கு நடுவே நுகர்வோர் ஆலோசனை மையத்துக்குப் போனாள். தபால் நிலையத்துக்கு மேல் ஒற்றை அறை. அங்கிருந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவள் பில்லை எடுத்து நீட்டினாள். அம்மாள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரிப்பேர் நிக்கல. மாத்தித் தர அவங்ககிட்ட பொருளில்ல. அப்ப குடுத்த விலையைத் திருப்பிக் கேக்கலாம். நீங்க சம்மதிக்காம வேற ஒண்ணை உங்க தலையில கட்ட முடியாது."

"யார்கிட்ட கேக்கணும்? கடையா, கம்பெனியா?"

"வித்தது யாரு? கடைதானே. அவங்களுக்கே எழுதுங்க."

ஒரு பக்கக் கடிதம், பில் நகல், பிரிக்காத டோஸ்டர். மூன்றையும் கடையில் சேர்த்தாள். பன்னிரண்டாம் நாள் முழு விலையும் திரும்பி வந்தது. கொடுத்தவர் அதே கவுண்டர்க்காரர்.

"அன்னைக்கு முடியாதுன்னீங்களே?"

"மாத்தத்தான் முடியாதுன்னேன்க்கா. இது வேற."

வெளியே வரும்போது அலமாரியில் ஒரு மிக்ஸி கண்ணில் பட்டது. அதே நிறம், அதே மூடி, அதே பிடி. பெயர் மட்டும் வேறு.

"இது அதுதானே?"

"இல்லக்கா, இது புது மாடல்."

"மோட்டார்?"

அவர் அட்டையைப் படித்துப் பார்த்தார். "மோட்டார் பழசு மாதிரிதான் போட்டிருக்கு."

அவள் படியிறங்கினாள். எதிர்க்கடைக்குப் போய், விலையைக் கேட்கும் முன்பே, உதிரி பாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்று கேட்டாள். விசாரித்துச் சொல்வதாக விற்பனையாளர் உள்ளே போனார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தான் ஜெயித்தோமா, அவர்களாகப் பார்த்து விட்டுக்கொடுத்தார்களா என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.