ராஜபாளையத்துக்கு வந்த படகும் மூச்சு முட்டிய இன்ஜினும்

ராஜபாளையத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்குள் ஒரு மோட்டார் படகை இழுத்து வந்த பயணம் இது. பழைய படகு வாங்கி ரோட்டு வழியே கொண்டுவரும் எண்ணம் யாருக்காவது இருந்தால் உதவும். இல்லாதவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

படகு என் தம்பி ஜெபராஜுடையது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபது வருடமாகக் காற்றுக்குழாய் மெயின்டனன்ஸ் வேலை. அதை விட்டுவிட்டு, மனைவி மெர்சியின் ஊரான தூத்துக்குடிக்குப் போய், தூண்டில் போட வருகிறவர்களையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களையும் படகில் ஏற்றிப் பிழைக்கலாம் என்று திட்டம். வேலையை விடுகிறானா இல்லையா என்று மில்லில் திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். மெர்சி ஒரே நிபந்தனைதான் போட்டாள். “மொதல்ல படகை நான் பாக்கணும். எனக்குப் பயம் தெளிஞ்சாத்தான் வேலைய விடணும். இல்லன்னா படகை வித்துருங்க.” அவள் சொன்னால் சொன்னதுதான்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு, படகு வாங்கிய கொல்லத்திலிருந்து தம்பி, மெர்சி, நான் மூவரும் கிளம்பினோம். வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் கடலுக்கு. பதினெட்டு அடிப் படகு, உள்ளே பொருத்திய பெட்ரோல் இன்ஜின். டிரெய்லரை இழுக்க, தளவாய்புரத்துக்காரர் முத்தையா அண்ணாச்சியின் பிக்கப். வாடகை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. ஆரியங்காவு மலைப்பாதையில் அவர் இருபதுக்கு மேல் போகவே இல்லை. “செத்த வேகமாப் போனா என்ன அண்ணாச்சி?” என்று கேட்டேன். “போலாம்மா. வளைவுல படகு நமக்கு முன்னால போயிரும், பரவால்லியா?” என்றார். அதன்பிறகு செங்கோட்டை வரைக்கும் நான் பின்னால் திரும்பிப் படகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செங்கோட்டையில் டீ குடிக்க இறங்கினோம். படகைச் சுற்றி வந்த மெர்சி டக்கென்று நின்றாள். “மைனி, பெட்ரோல் வாடை அடிக்கி.” எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜெபராஜ், “பெட்ரோல் வண்டில பெட்ரோல் வாடைதான் அடிக்கும், மல்லிப்பூவா மணக்கும்?” என்று நக்கலடித்தான். மெர்சி டீயை வாங்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும், தூத்துக்குடிக் கனவு செங்கோட்டையோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு ராஜபாளையம். மீட்டரில் 160 கிலோமீட்டர். தம்பி தெருவில் படகு நுழைந்ததும் கூட்டம் கூடிவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரிதான். “இதை எந்தக் கண்மாயில விடப் போறீய?” என்று கேட்காத ஆள் இல்லை. நிறுத்த இடமும் போதாமல், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் வத்திராயிருப்பு ரோட்டில் இருக்கும் என் வீட்டுக்கே கொண்டு போனோம். இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போது குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். என் வீட்டில் போர்வெல் இருக்கிறது. (பால்கோவா எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று தயவுசெய்து பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். இது படகுக் கட்டுரை.)

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. படகின் இன்ஜின் அறை மூடிய பெட்டி என்பதால் ஆவி அடியில் போய்த் தங்கிவிடும். ஒரு பொறி போதும், படகும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டான். அதனால்தான் வெளிக்காற்று உள்ளே வர முன்பக்கம் இரண்டு துவாரங்கள், ஆவியை அடியிலிருந்து உறிஞ்சிப் பின்பக்கம் தள்ள ஒரு புளோயர் என்று வைத்திருக்கிறார்கள்.

இன்ஜின் அறை மூடியைத் திறந்து போட்டோம். மெர்சியின் மூக்கு பொய் சொல்லவில்லை. பெட்ரோல் குழாயில் ஒரு கிளிப் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக வடிந்திருந்தது. ஜெபராஜின் நக்கல் அங்கேயே அடங்கியது. கிளிப்பை மாற்றி, அடியைத் துடைத்து, சாயங்காலம் வரை காற்றாட விட்டோம். மறுநாள் காலை மூடியை மூடிப் புளோயரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் திறந்தால், மிச்ச வாடை கொஞ்சமும் குறையாமல் அப்படியே நிற்கிறது! புளோயரோ கொர்ரென்று நன்றாகத்தான் ஓடுகிறது. அதன் குழாய் அடிவரைக்கும் போகிறதா, கிழிசல் உண்டா என்று பார்த்தோம். எல்லாம் சரி.

வேடிக்கை பார்க்க மறுநாளும் வந்திருந்த முத்தையா அண்ணாச்சி, “ஒரு பத்தியக் கொளுத்திக் காட்டுங்க, பொகை எங்கிட்டுப் போகுதுன்னு தெரிஞ்சுரும்” என்றார். மெர்சி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “பெட்ரோல் வாடைக்குள்ள பத்தியா! நல்லா இருக்கே அண்ணாச்சி யோசனை!”

ஜெபராஜ் பைக்குள்ளிருந்து ஒரு கை பஞ்சு எடுத்தான். மில்லில் டக்ட் என்கிற காற்றுக்குழாயில் காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க, ஒரு இழை பஞ்சைப் பிடித்துப் பார்ப்பார்களாம். புளோயரை ஓடவிட்டுப் பின்பக்கத் துவாரத்தில் பிடித்தான். பஞ்சு அசையவே மாட்டேன் என்றது. மூடியைத் திறந்துவிட்டுப் பிடித்தான். கையை விட்டுப் பறந்தது. மறுபடி மூடினால் தொங்குகிறது. மூன்று தடவை இதையே செய்தான்.

மெர்சிதான் கேட்டாள். “மூடியத் தொறந்தாப் பறக்கு, மூடினாத் தொங்குது. அப்பம் உள்ள வார காத்துதான வரலை? முன்னாடி ரெண்டு ஓட்டை இருக்கே, அதுல என்ன?”

ஜெபராஜ் போய் முன்பக்கத் துவாரத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு மெதுவாக, “அதுல ஃபில்டர் போட்டிருக்கேன்” என்றான்.

“என்ன ஃபில்டர்லே?” என்றேன்.

“மில்லு ஃபில்டர் துணிக்கா. கொல்லத்துலயே உள்பக்கமா ரெண்டு மடிப்பு வச்சு ஒட்டிட்டேன். அம்புட்டுத் தூசில வருது, ஓட்டையச் சும்மா விட முடியுமா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “ஏலே, நீ பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடிச்சு வச்சிருக்கே! படகுக்கு மூக்கைப் பொத்திட்டு மூச்சு விடு, மூச்சு விடுன்னா எப்படிலே!” என்று கத்தினேன். ஆனால் அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மில்லில் திறந்த காற்று வழியைப் பார்த்தால் அவனுக்குக் கை நமநமவென்று இருக்கும். பஞ்சுத் தூசி உள்ளே போனால் மிஷின் நின்றுவிடும். துணி போடாமல் விடுவது அங்கே குற்றம். இங்கே அதே துணிதான் ஆளைக் கொன்றிருக்கும்.

துணியைப் பிய்த்து எடுத்தோம். ரோட்டுத் தூசி அப்பி, சப்பாத்தி மாதிரி விறைத்திருந்தது. மூடியை மூடிப் புளோயரைப் போட்டதும் பஞ்சு பறந்து எங்கள் முருங்கை மரத்தில் போய் ஒட்டியது. ஐந்து நிமிடம் கழித்து மெர்சி தலையை உள்ளே விட்டு முகர்ந்தாள், எழுந்து, மறுபடி குனிந்து முகர்ந்தாள். “இல்லை” என்றாள். அப்புறம்தான் டிரம்மில் தண்ணீர் நிரப்பி இன்ஜினை ஓட்டினோம். சுகமான சத்தம். மெர்சி, அண்ணாச்சி, நான் மூன்று பேரும் இளித்துக்கொண்டு நின்றோம், ஜெபராஜ் மட்டும் இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: இழுக்கும்போது டேங்கில் பெட்ரோல் வைக்காதீர்கள். தூசிக்குப் பயந்து துவாரத்தை மூடினால், மூடியதை எல்லாருக்கும் சொல்லிவிட்டு மூடுங்கள், இறங்கியதும் எடுங்கள். வாடை இருக்கும்போது எந்த சுவிட்சையும் தொடாமல் முதலில் மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள். பெட்ரோல் கசிந்தால் அதற்குப் புளோயர் மருந்து ஆகாது. பழுதானால் கார் ஃபேனை மாட்டிச் சமாளிக்காதீர்கள், பொறி பறக்கும். ஆரியங்காவில் லாரிகள் கூடுவதற்குள் ஏறிவிடுவது நல்லது.

அன்று சாப்பிட்டு முடித்ததும் மெர்சி, “சரி, வேலைய விட்டுருங்க” என்றாள். ஜெபராஜ் தலையைத் தூக்கவில்லை. “வேண்டாம் மெர்சி. இருபது வருசமா காத்து வேலை பாத்தவன், அதுலயே இம்புட்டுப் பெரிய தப்பு பண்ணிட்டேன். தண்ணியப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. நாளைக்கு நாலு பேரை ஏத்திட்டுப் போயி…” நாங்கள் எல்லாரும் மெர்சிக்குப் பயம் தெளிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். இவனை யாரும் பார்க்கவில்லை.

மெர்சி அவன் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். “நீங்க தனியாப் போவீகன்னு யாரு சொன்னா? நானும்லா படகுல வாரேன். நான் மோந்து பாத்துச் சொன்ன பொறவு சாவியத் திருகுங்க.”