வலிக்காத கொப்புளம்

வேண்டுதல் என்று சொல்லி என் கணவர் உச்சி வெயிலில் வெறுங்காலோடு மயிலம் மலை ஏறிவிட்டு வந்தார். "கொஞ்சங்கூட சுடலடி. முருகன் பாத்துக்கினாரு" என்று பெருமை வேறு.

மறுநாள் காலை திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் நடந்த இடமெல்லாம் ஈரம். தண்ணீரைச் சிந்திவிட்டார் என்று திட்டிக்கொண்டே துடைத்தேன். துடைத்த இடத்தில் அவர் திரும்ப நடந்தார், திரும்ப ஈரம். உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். பாதத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொப்புளம் உடைந்து, தோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க இது? வலிக்கலயா?"

"இல்லியே."

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது.

பக்கத்து வீட்டம்மா மஞ்சள் போடச் சொன்னார். நாத்தனார் போனில் தோலை வெட்டி எறி என்றாள். காற்றாட விடு என்றார் ஒருவர், இறுக்கிக் கட்டு என்றார் இன்னொருவர். எனக்குத் தலை சுற்றியது. விழுப்புரத்துக்குப் பஸ் ஏறி, அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

"தோலைப் பிய்க்காதீங்க, அதுவே புண்ணுக்கு மூடி. தினமும் சோப்புத் தண்ணியில மெதுவா கழுவி, வாசலின் தடவி, ஒட்டாத துணி வெச்சுக் கட்டுங்க. சிவந்தாலோ சீழ் வெச்சாலோ உடனே வாங்க" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "புண்ணு ஆறிடும். வலி தெரியலங்கறதுதான் எனக்குக் கவலை. நாளைக்கு ஆணி ஏறினாலும் அவருக்குத் தெரியாது. அப்படி விட்டுத்தான் காலையே எடுக்கற மாதிரி ஆயிடுது."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே குழப்பம். வீட்டுக்காரருக்கு வலி வர வேண்டும் என்று எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

தினமும் கட்டுப் பிரிக்கும்போது புண்ணுக்குப் பக்கத்தில் விரலால் தொட்டு, "வலிக்குதா?" என்பேன். "இல்லடி" என்பார். என் முகம் வாடிப்போகும். அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஒருநாள் "லேசா வலிக்குதுடி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். புருஷனுக்குக் கால் வலிக்கிறது என்று கருவாட்டுக் குழம்பு வைத்த பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு தினமும் வலித்தது. புண் சுருங்கச் சுருங்க வலி கூடிக்கொண்டே போனது. பழைய தோல் காய்ந்து உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது. அப்போதும் "அப்பாடி, இன்னா வலி" என்றார். ஆறிய புண் எப்படி இவ்வளவு வலிக்கும்? எனக்குள் ஏதோ உறுத்தியது.

அவர் காலை என் மடியருகே ஸ்டூலில் வைத்துக்கொண்டேன்.

"கண்ண மூடிக்குங்க. நான் தொடும்போது சொல்லுங்க."

சமர்த்தாக மூடிக்கொண்டார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"ஆ, அங்கதான்டி. வலிக்குது" என்றார், நான் சந்தோஷப்படுவேன் என்று சிரித்துக்கொண்டே.

என் கை இரண்டும் என் மடியில்தான் இருந்தன.