தேருக்காக நிறுத்திய கரண்ட்

என் மகள் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவள். ஆனால் அவள் கையில் திருப்புளி பிடித்து நான் பார்த்ததில்லை. ஓசூரில் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ ஒரு ஊரில் இன்னொருவர் மேசையில் இருக்கிற கம்ப்யூட்டரைச் சரிசெய்வாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அந்த ஆள் போனில் கத்துவார், இவள் "பாக்கறேங்க சார்" என்பாள், அவர் கை வைக்காமலே அங்கே அம்புக்குறி நகரும். யார் மகளுக்கு இது வரும் என்று எனக்குள் ஒரு மிதப்பு உண்டு.

போன வருடம் எனக்கு மூட்டு ஆபரேஷன் ஆனது. அவள் அப்பா போன பிறகு மாரண்டஹள்ளி வீட்டில் நான் ஒருத்திதான். அடுத்த வீட்டில் போய் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. அது அவளுக்குத் தெரியும். ஆபீஸில் கேட்டுப் பார்த்தாள். மேலே இருக்கிறவர், "ஒரு வாரம் ஊர்ல இருந்து பண்ணிப் பாரும்மா. லைன் கட் ஆகாம ஓடுச்சுன்னா அப்புறம் அங்கயே இருந்துக்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் வேண்டும்.

எந்த வாரம் வரட்டும் என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "மாரியம்மன் பண்டிகைக்கு வாயேன். வேலையும் ஆச்சு, சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு" என்றேன். தேர் வரும்போது கம்பியில் இடிக்கும் என்று தெருவில் கரண்டை நிறுத்துவார்கள். பிறந்ததிலிருந்து இரண்டு பேரும் பார்த்ததுதான். ஆனால் தேர் நாளைக் கரண்ட் இல்லாத நாள் என்று யார் நினைக்கிறார்கள்? புதுப் புடவை கட்டுகிற நாள், உறவு சனம் சாப்பிட வருகிற நாள் என்றுதான் மனதில் இருந்தது.

வாரம் நன்றாகத்தான் ஓடியது. தேரன்று ஒரு தொழிற்சாலைக்காரர் கூப்பிட்டார். பில் போடுகிற கம்ப்யூட்டர் நின்றுவிட்டது, சரக்கு ஏற்றிய லாரிகள் கேட்டில் நிற்கின்றன என்று அவர் கத்துவது சமையலறை வரைக்கும் கேட்டது. இவள் குரலை உயர்த்தவில்லை. "முடிஞ்சுதுங்க சார். இப்ப அதுவா ஆஃப் ஆகி ஆன் ஆவும். நான் பாஸ்வேர்டு போட்டா போதும்" என்றாள். அப்போது காற்றாடி நின்றது.

அவள் லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. நெட் பெட்டிதான் அணைந்துபோனது. செல்போனில் பிடிக்கலாம் என்றால், பண்டிகைக்கு வந்த அத்தனை பேர் கையிலும் போன். டவர் தாங்கவில்லை, பேசக்கூட லைன் போகவில்லை. அவள் மொட்டை மாடிக்கு ஓடினாள். கீழே மேளக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற பாப்பா தானே? என் போன்ல வாட்சப்பு ஓடலம்மா, அதயும் செத்த பாரேன்" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் கம்பை ஊன்றிக்கொண்டு கம்பத்தடியில் நின்ற லைன்மேனிடம் போனேன். "தம்பி, கொஞ்சம் கரண்ட் குடுப்பா. பாப்பா வேல நின்னு போச்சு."

"குடுத்தா என் வேல நின்னு போவும் ஆயா. தேர் உங்க தெருவத் தாண்டட்டும், மறு நிமிசம் போடறேன்."

தேர் அசைந்து அசைந்து வந்தது. எங்கள் மாமனார் காலத்திலிருந்து அது எங்கள் வாசலில் நின்று, எங்கள் தேங்காயை வாங்கிக்கொண்டுதான் போகும். தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் அது கிடையாது. அந்த மரியாதையை நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. அன்றைக்கு தர்மகர்த்தாவிடம் போய், "இந்த வருசம் எங்க வூட்டு முன்னால நிக்க வேணாங்க. அப்படியே போகட்டுங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "என்னங்கக்கா பேச்சு இது? வாசலுக்கு வந்த ஆத்தாளப் போன்னு சொல்லுவாங்களா?"

"பாப்பாவுக்கு அவசர வேலைங்க..."

அதற்குள் பூசாரி காதுக்கு விஷயம் போய்விட்டது. அம்மனுக்கு இந்த வீட்டில் ஏதோ குறை இருக்கிறது, பூ வாக்குக் கேட்காமல் தேர் நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் வாசலிலேயே சக்கரத்துக்குக் கட்டை போட்டார்கள். அம்மன் தலையில் பூவை வைத்தார்கள். அது தானாக விழுந்தால்தான் உத்தரவு. மேளத்தை நிறுத்திவிட்டு ஊரே பூவைப் பார்த்தது.

பூ விழவில்லை. கற்பூரம் காட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள். பூ அப்படியே இருந்தது. நான் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் மாடியில் அவளும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து அவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. வாயைத் திறந்தால் இன்னும் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து சும்மா இருந்தேன்.

பூ விழுந்து, குலவை போட்டு, தேர் முக்கு திரும்பி, கரண்ட் வந்தபோது அந்தத் தொழிற்சாலைக்கு ஆபீஸிலிருந்து வேறொரு பையன் வண்டியில் நேரிலேயே போய் வேலையை முடித்திருந்தான். அவளுக்கு மேலே இருக்கிறவர் கூப்பிட்டார். அவள், "சரிங்க சார். வந்துடறேங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

"போனக் குடு, நான் சொல்றேன். அம்மன் தேருன்னு சொன்னா அவருக்குப் புரியாதா?"

"புரியும்மா. அவங்க ஊர்லயும் தேர் ஓடுது. அதனாலதான் திட்டல." போனைக் கவிழ்த்து வைத்தாள். "திங்கக்கெழம ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாரு."

சனம் சாப்பாட்டுக்கு வந்துவிட்டது. கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே வந்தேன். நாத்தனார் இலையிலிருந்து நிமிர்ந்து, "ஆத்தா தேரு எந்த வருசமும் இம்புட்டு நேரம் நின்னதில்ல. உங்க வூட்ட விட்டுப் போவ அவளுக்கு மனசே வரல. குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள். பந்தியில் எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

"ஆமாங்க" என்றேன் நானும். உள் அறையில் அவள் ஓசூருக்குக் கொண்டுபோகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று நாத்தனாரைக் கேட்டேன்.