கழுவக் கூடாத கற்கள்

கத்தரிக்காய்க்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்துக் காவல்காரர் மாயாண்டி சைக்கிளை விட்டு இறங்கி வந்தார். "டீச்சரம்மா, நம்ம பொன்னுத்தாய் டீச்சர் போய்ச் சேந்துட்டாங்க. காலையிலதான். மஞ்சக்காமாலையாம்" என்றார். கையிலிருந்த கத்தரிக்காயை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. செல்லூரில் இருந்த அவர் வீடு வரை போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை. மறு வாரம் பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில்தான் வந்தது. அதுவும் துக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால்.

நம் தாளாளர் மேடையேறி, "உயிரியல் ஆசிரியை பொன்னுத்தாய் நமது பள்ளியில் கடல்மீன் தொட்டி அமைத்தவர். அவருடைய சிறு கவனக்குறைவால் அது நிலைக்கவில்லை என்றாலும்..." என்று தொடங்கினார். செத்த பிறகும் விடவில்லை பாருங்கள்! கூட்டத்தில் இருந்த நம் பள்ளி ஆசிரியர்கள் நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பழையவர்களுக்கு என்ன வந்தது? அவர் பெயரில் ஒட்டிய அந்தக் 'கவனக்குறைவு' என்ற சொல்லைப் பிய்த்து எடுக்கத்தான் இதை எழுதுகிறேன். அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்த தமிழாசிரியை நான். ஓய்வும் பெற்றுவிட்டேன். இனி என்னை யார் என்ன செய்துவிட முடியும்?

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. வைகையில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்க ஓடுகிறவர்கள் நம் பிள்ளைகள். கடலைக் கண்டவர்கள் குறைவு. அவர்களுக்குக் கடலைக் காட்டியே தீர வேண்டும் என்று பொன்னுத்தாய்க்கு ஒரு பிடிவாதம். அதற்காகத்தான் பள்ளியில் அந்தக் கடல்மீன் தொட்டி. அவருடைய தங்கை வாக்கப்பட்ட ஊர் கடலோரத்து மண்டபம். தங்கை வீட்டுக்காரர் மதுரைக்கு வரும் மீன் லாரியில், பால் கேன்களில் கடல் தண்ணீர் பிடித்து அனுப்பினார். தொட்டிக்குள் வைக்கிற கற்களை மட்டும் பொன்னுத்தாய் யாரையும் நம்பாமல், ஈரச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் தன் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார்.

"என்னக்கா, மூட்டையில இம்புட்டு நாத்தம்? கருவாடா?" என்று கேட்டிருக்கிறார் கண்டக்டர்.

"கல்லுதான் தம்பி."

"கல்லு எங்கயாச்சும் நாறுமாக்கா?"

"உசுரோட இருக்கிற கல்லு நாறும்" என்றாராம். பஸ்ஸே சிரித்ததாம்.

உண்மையிலேயே அவை உயிருள்ள கற்கள்தாம். கடலடியில் கிடந்த, உடம்பெல்லாம் துளையான பவளக்கற்கள். துளைகளுக்குள் புழுவும் பொடி நண்டும் பாசியும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் குடியிருக்கும். மீன்களின் கழிவை முறித்துத் தண்ணீரைக் கெடாமல் வைத்திருப்பது அந்தக் குடித்தனம்தான். வந்த புதிதில், வழியில் செத்தவை அழுகித் தொட்டி நாறியது. மூக்கைப் பொத்தாதவர் இல்லை. "டீச்சர், எங்களை மீன் மார்க்கெட்டுல உக்காரவச்சுட்டீகளே" என்று நானே சண்டைக்குப் போனேன். "செத்தது கழியட்டும் டீச்சர், இருக்கிறது தெளியட்டும். அதுவரைக்கும் மீனு கிடையாது" என்றார். வாரக்கணக்கில் பொறுத்து, நாற்றம் முழுதும் அடங்கிய பிறகுதான் மீனை விட்டார்.

அதற்குள் கற்களை எத்தனை தடவை மாற்றி வைத்திருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தோள் வரை கையை உள்ளே விட்டு ஒரு கல்லை வைப்பார். தள்ளி நின்று பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். எடுத்துவிடுவார். பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய், "நெருக்கி அடுக்கிட்டா விழாதுல்ல டீச்சர்?" என்றேன். "அடுக்குறதுக்கு இது என்ன செங்கலா? ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்கணும். நடுவுல சந்து வேணும். தண்ணி ஒவ்வொரு கல்லையும் சுத்தி வரணும், மீனு பயந்தா ஒளியிறதுக்கு இடம் வேணும்" என்றார். கடலில் எந்தப் பக்கத்தில் வெளிச்சம் பட்டதோ, அந்தப் பக்கம்தான் இங்கேயும் மேலே இருக்க வேண்டும் அவருக்கு.

ஒரு நாள் ஒரு கல்லின் துளையிலிருந்து சின்ன விசிறி போல ஒரு புழு விரிந்தது. பிள்ளைகளின் நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே போய்விட்டது. "டீச்சர், கல்லு வெக்கப்படுது!" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கத்தினாள். பொன்னுத்தாய் அன்றைக்குச் சிரித்த மாதிரி அப்புறம் சிரித்து நான் பார்க்கவில்லை.

நவராத்திரி வந்தது. புதுத் தண்ணீர் கொண்டுவர அவர் மண்டபம் கிளம்பினார். சரசுவதி பூசைக்கு நம் பள்ளியில் நுண்ணோக்கியிலிருந்து மணியடிக்கிற தண்டவாளத் துண்டு வரை கழுவிப் பொட்டு வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? என் காதுபடத்தான் அலுவலகத்தில் சொன்னார்: "தொட்டிக்கும் பொட்டு வைங்கய்யா, வேணாங்கல. கண்ணாடிக்கு வெளியில வைங்க. உள்ள மட்டும் யாரையும் கை வைக்க விட்றாதீக. கல்லைக் கழுவுனா எல்லாம் செத்துப்போகும்." தாளாளர், "சரிம்மா, சரிம்மா, போயிட்டு வாங்க" என்றார். இதற்குப் பெயரா கவனக்குறைவு?

பூசையன்று நானும் ஊரில் இல்லை. நடந்ததை மாயாண்டிதான் சொன்னார். தாளாளர் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். தொட்டியின் முன் நின்று, "சரசுவதி இருக்கிற இடத்துல இப்படியா பாசி பிடிச்ச கல்லை வச்சிருப்பாக? எடுத்துத் தேய்ங்கப்பா" என்றிருக்கிறார். அவ்வளவுதான். தேங்காய் நாரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, ஒவ்வொரு கல்லுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துத் திரும்ப உள்ளே இறக்கியிருக்கிறார்கள். எப்படி? பெரியது கீழே, சின்னது மேலே, சந்து பொந்து இல்லாமல் கொலுப்படியாக! பக்தியில் ஒரு குறை சொல்ல முடியாது.

விஜயதசமிச் சேர்க்கைக்கு நான் திரும்பியிருந்தேன். பொன்னுத்தாயும் கேன்களோடு வந்து இறங்கினார். தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த கழுநீராய் இருந்தது. மீன்கள் மல்லாந்து மிதந்தன. அவர் ஒரு கல்லை எடுத்துத் துளைக்குள் பார்த்தார். "கழுவிட்டீகளாய்யா?" என்று மட்டும் கேட்டார்.

"அழுக்கா இருந்துச்சு, சுத்தம் பண்ணினோம். அது தப்பா? நீங்க லீவு போட்டுட்டு ஊருக்குப் போகாம இருந்திருந்தா இப்படி ஆகுமா?" என்றார் தாளாளர். பழி எவ்வளவு சுலபமாக இடம் மாறிவிட்டது!

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து, "பாத்திரம் துலக்குற மாதிரி துலக்கச் சொன்னது நீங்க. பழி மட்டும் அவுகளுக்கா?" என்று கேட்டேன். "நீங்க தமிழ் டீச்சர்தானம்மா, மீனைப் பத்தி உங்களுக்கென்ன?" என்றார். சிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தரையில் அப்படி என்னதான் கிடந்ததோ! பொன்னுத்தாய் அதன் பிறகும் வருஷம் தவறாமல் அனுமதி கேட்டார். "மறுபடியும் சாகடிக்கவா?" என்பதுதான் பதில். தொட்டி சும்மா கிடக்கவில்லை; நவராத்திரிதோறும் அதற்குள் கொலுச் செட்டியார் பொம்மையை வைத்து விளக்குப் போட்டார்கள். அதைத் தாண்டித்தான் அவர் தினமும் வகுப்புக்குப் போனார். பார்க்காத மாதிரிப் போவார்.

நான் ஓய்வு பெற்ற அன்று, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். அந்தக் கற்களில் ஒன்று. "வீட்டுல வச்சுக்கங்க டீச்சர். கழுவிறாதீக" என்றார்.

"செத்த கல்லுதான டீச்சர், இனிமே கழுவினா என்ன?"

அவர் கல்லைத் திருப்பிக் காட்டினார். தண்ணீரில் கரைந்தது போக, துளைகளுக்குள் மிஞ்சிய சந்தனம் வெள்ளையாய் இறுகியிருந்தது, அதன் நடுவே குங்குமம். "உள்ள கைய விட்டது யாருன்னு இதுக்காவது தெரியும்ல" என்றார்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அதுதான். என் புத்தக அலமாரியில் இருக்கிறது. வருகிற சரசுவதி பூசைக்கும் வீட்டில் உள்ள அத்தனையையும் கழுவுவேன்; அதைக் கழுவ மாட்டேன். தாளாளர் ஐயாவுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு நடை வந்து பார்க்கட்டும். அவர் வைக்கச் சொன்ன குங்குமம் அப்படியே இருக்கிறது.