சனிக்கோளுக்கு ஒரு தாள்

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் பதினெட்டு வருடமாக மிஷின்மேன், சங்கையா. மணிக்கு ஆறாயிரம் தாள் ஓட்டுவார். அவரைக் கடைசியில் அழவைத்தது ஒரே ஒரு தாள்.

அவர் மனைவி பாண்டிச்செல்வி நாரணாபுரம் பக்கம் பட்டாசு வேலைக்குப் போனவள். 2001இல் நடந்த வெடிவிபத்து அவளுடைய வலது கண்ணைப் பறித்தது. இடது கண்ணும் மெல்ல மெல்ல மங்கிவிடும் என்றார் மதுரை டாக்டர். அழுது ஓய்ந்தபின் அவள் கேட்டது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் கணவர் டெலஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து வாய் ஓயாமல் பேசினாரே, அந்தச் சனிக்கோளின் வளையத்தைத் தானும் பார்க்க வேண்டும்.

காசு சேர்த்து ஒரு டெலஸ்கோப் வாங்கி, 2003 சித்திரையில் ஒரு மாலை அவளை மாடிக்கு அழைத்துப் போனார். அதைத் தாங்கக் கடையில் கொடுத்த முக்காலி தொட்டாலே ஆடியது. சனியைத் தேடவே முக்கால் மணி நேரமாயிற்று. அதற்குள் அவள் கண்ணில் நீர் வடிந்து, கண் சிவந்துவிட்டது.

"விடுங்க. அது எங்கன ஓடிப்போகப் போகுது?"

மறுநாளே முக்காலியைப் பிரித்தார். பழைய மிஷினின் பேரிங்கை அதன் தலையில் பொருத்தினார். கம்பி மத்தாப்புக் கம்பியில் இரண்டு முள் செய்தார். பாக்கி, டிகிரி குறித்த வட்டங்கள் மட்டும். கையால் வரைந்தவை கோணின. ஒரு தாளில் அச்சடித்து ஒட்டிவிட்டால் போதும். திசைக்கு ஒரு எண், உயரத்துக்கு ஒரு எண், அரை நிமிடத்தில் சனி சிக்கிவிடும்.

"ஏ செல்வி, ஒம் புருசன் மாடியில பீரங்கி செய்றாராம்ல? எந்தூரு மேல சண்ட?" என்றாள் பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய்.

"என்னைய மேல அனுப்பத்தான், மதினி."

ஆடியில் காலண்டர் சீசன் தொடங்கியது. தீபாவளியன்று அவள் கேட்டாள்.

"இப்பவாச்சும் பாத்துருவமாங்க?"

"ஆர்டர் குவிஞ்சு கெடக்கு புள்ள. சீசன் முடியட்டும்."

பொங்கல் கழிந்த இரண்டாம் நாள்தான் அந்தத் தாள் அச்சானது. அன்று மாலை ஏழரை மணி. திசை அறுபத்தொன்பது, உயரம் முப்பத்தேழு. முள் நின்ற இடத்தில் சனி நின்றது, வளையத்தோடு. அவள் சுவரைத் தடவியபடி படியேறி வந்தாள். கண்ணை வைத்தாள்.

"தெரியுதா?"

"தெரியுதுங்க. மோதிரம் கணக்கா எம்புட்டு அழகு."

சங்கையாவுக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு, மூன்று. வானம் நகர்வதால் சனி ஒரு நிமிடத்துக்கு மேல் கண்ணாடிக்குள் தங்காது என்பது அவருக்குத் தெரியும்.

"இன்னும் தெரியுதா?"

"ஆமா. அப்படியே நிக்குது."

அவளை மெல்ல விலக்கிவிட்டுத் தானே பார்த்தார். வெறும் இருட்டு.

"எப்பருந்து செல்வி?"

அவள் கையால் துழாவிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கார்த்திகையிலருந்து."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இதச் செஞ்சு முடிச்சிருக்க மாட்டீகல்ல."

கார்த்திகை முழுக்க அவர் இரண்டு ஷிஃப்ட் பார்த்தார். எத்தனை லட்சம் காலண்டர் ஓட்டினாரோ, கணக்கில்லை. அந்த ஒரு தாளை அச்சடிக்கப் பிடித்தது பத்தே நிமிடம்.