ஆற்றின் நடுவே நின்றுபோன அத்தியாயம்

போன வருடம் ஜூன் மாதம், அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது.

ஆறு பக்கத்திலேயே ஓடும்போது குளியலறையில் குளிக்க எனக்கு மனசு வராது. துவைக்க வேண்டிய துணிகளையும் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தையும் வாளியில் போட்டுக்கொண்டு படித்துறைக்குக் கிளம்பிவிட்டேன். துவைத்த சேலைகளைப் பாறையில் விரித்தால் காயும்வரை கூடவே உட்கார்ந்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கணுக்கால் தண்ணீரில் நடந்து, ஆற்றின் நடுவே இருந்த பெரிய பாறைக்குப் போய்ச் சேலைகளை விரித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

சர்வாதிகார ஆட்சி நடக்கும் ஒரு நாட்டிலிருந்து தப்பி வந்த பெண் எழுதிய தன்வரலாறு அது. அங்கே அடுக்களையில் முணுமுணுத்தால்கூட அடுத்த வீட்டுக்காரர் போய்ச் சொல்லிவிடுவார். விசாரிக்க என்று கூட்டிப்போன அவள் கணவன் திரும்பி வரவே இல்லை. கைக்குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, எல்லையில் ஓடும் ஆற்றில் அவள் கால் வைக்கிறாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

இடையில் தெருப்பக்கம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று ஏதோ சொல்லிக்கொண்டு போனது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு அறிவிப்பாக இருக்கும் என்று நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கார் நெல் சாகுபடிக்கு அணை திறந்திருக்கிறது, ஆற்றில் இறங்காதீர்கள் என்ற எச்சரிக்கை அது. ஜூன் மாதம் அணை திறப்பார்கள் என்பதை மறந்த ஒரே நெல்லைக்காரி நானாகத்தான் இருப்பேன்.

"எக்கா, தண்ணி ஏறுது! எந்திரிச்சி வாங்க!"

கரையில் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கத்தினாள். நிமிர்ந்து பார்த்தால், நான் நடந்து வந்த வழியையே காணவில்லை. காலை விட்டுப் பார்த்தேன். தரை தட்டவில்லை, தண்ணீர் இழுத்தது. எனக்கு நீச்சல் தெரியாது. தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை.

எனக்கும் சேர்த்து அந்தப் பெண்ணே ஊரைக் கூட்டினாள். பெண்கள் ஓடி வந்து, துவைத்து வைத்திருந்த சேலைகளை முடிச்சுப் போட்டு நீளமாக்கினார்கள். பக்கத்துத் துறையில் குளித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணாச்சி ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தி வந்தார். மறுமுனையைக் கரையில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

"பயப்படாதிய. பைய இறங்கி என் தோளப் பிடிச்சிக்கிடுங்க."

புத்தகத்தைத் தலையில் வைத்து முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சேலைகளும் வாளியும் ஆற்றோடு போயின. கரையில் இழுத்துப் போட்டதும் அந்தப் பெண் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"ஆறு ஆள முழுங்குதது தெரியாம அப்படி என்னத்தப் படிக்கிய?"

நடுங்கிக்கொண்டே கதையைச் சொன்னேன். திட்டு நின்றுவிட்டது.

"பச்சப் பிள்ளையோடயா? பொறவு கரை ஏறிட்டாளா?"

"தெரியலம்மா. அதுக்குள்ளதான் நீ கூப்பிட்டுட்டியே."

"அப்பம் படிங்க!"

ஈரச் சேலையோடு படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அண்ணாச்சி காதில் விழாத மாதிரி நின்று, பிழிந்த துண்டையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தார். கதையின் ஆற்றில் அந்தத் தாய்க்கு வெள்ளத்தைப் பற்றிப் பயமே இல்லை. கரையில் இருக்கும் யாராவது பார்த்துவிடக் கூடாது, யாரும் சத்தம் போட்டுவிடக் கூடாது என்பதுதான் ஒரே பயம். குழந்தையின் வாயைப் பொத்தியபடி ஒருவழியாக மறுகரை ஏறிவிட்டாள்.

"அப்பாடா!" என்று அந்தப் பெண் என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, கூடவே சிரிப்பும்.

புத்தகத்தில் அவள் பிழைத்தது யார் கண்ணிலும் படாததால். நான் பிழைத்தது ஒரு படித்துறையே பார்த்துக் கூச்சல் போட்டதால். இப்போதெல்லாம் தெருவில் யாராவது என்னை உரக்கக் கூப்பிட்டால், முன்பு போல எரிச்சல் வருவதில்லை. கூப்பிட ஆள் இருக்கிறதே என்று நிம்மதியாகத் திரும்பிப் பார்க்கிறேன்.