ஆளிவிதை எண்ணெயும் என் வாயும்

நாட்டு மருந்துக் கடையில் விற்கத் தெரிந்தவனுக்குச் சம்பளம் உண்டு, விற்க மாட்டேன் என்பவனுக்கு ஏச்சுதான் உண்டு. கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருடம், காஜா பெராங்கில் ஒரு கடையில் நான் ஆள். முதலாளி ஆளிவிதை எண்ணெயைப் புதிதாக இறக்கி, மலச்சிக்கலுக்கும் மூட்டுவலிக்கும் கண்கண்ட மருந்து என்றார். யாருக்கு ஆகாது என்றும் சொல்ல வேண்டாமா என்றேன். இன்னொரு தரம் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்றார். எனக்கு மூன்று பிள்ளைகள். ஆனாலும் திறந்தேன்.

ஒரு மாத மருந்து

புக்கிட் ரம்பாய் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம், தினம் ஒரு தேக்கரண்டி, அதுவும் சாப்பாட்டோடு என்று சொல்லித்தான் ஒரு மாதத்துக்கான புட்டியைக் கொடுத்தேன். மறுநாள் சுவரைப் பிடித்தபடி வந்து நின்றார். ஒரே மூச்சில் புட்டி காலியாம், அப்புறம் கக்கூஸே கதியாம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஒரு மாச மருந்த ஒரே நாள்ல குடிச்சா, ஒரே நாள்ல கொணமாயிரும்னு பாத்தேன் தம்பி."

கதவுக்குப் பூசிய மிச்சம்

சுதந்திரத்துக்காக ஊரே வீட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தது. செமாபோக்கிலிருந்து தச்சர் ஒருவர், கதவுக்குப் பூசிய மிச்சம் என்று ஒரு டின்னைத் தூக்கி வந்தார். இதுவும் ஆளிவிதை எண்ணெய்தானே, எத்தனை கரண்டி குடிக்கலாம் என்று கேட்டார். சீக்கிரம் காய்வதற்கு எதையெதையோ கலந்தது, குடித்தால் விஷம் என்றேன். அவர் நம்பவில்லை, டின்னைப் பிடுங்கிக்கொண்டேன். வாடிக்கைக்காரரிடமே பிடுங்குகிறாயா என்று முதலாளி குதித்தார். தச்சருக்கு வேறு வருத்தம்: "கதவு பளபளன்னு ஆவுது, என் கொடலு மட்டும் ஆவாதா?"

ஐந்து மாதம்

கடைசியில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி அந்த எண்ணெயைக் கேட்டாள். வயிற்றுப் பிள்ளைக்கு இது ஆகுமா ஆகாதா என்று எனக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது, டாக்டரைக் கேட்டுவிட்டு வாம்மா என்றேன். நாளை முதல் நீ வர வேண்டாம் என்று முதலாளி அங்கேயே சொல்லிவிட்டார். சரி, ஆனால் என் கையால் கொடுக்க மாட்டேன் என்றேன். அவரே புட்டியை எடுத்து நீட்டினார். அவருடைய மகளும் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தது ஊருக்கே தெரியும். அந்தப் பெண் புட்டியைத் தொடாமல் கேட்டாள்: "ஒங்க மகளுக்கும் இதத்தான் குடுக்கிறீங்களா, மொதலாளி?"

புட்டி அலமாரிக்குத் திரும்பியது, முதலாளியே கூப்பிட மறுநாள் நானும் கவுண்டருக்குத் திரும்பினேன், அன்றிலிருந்து நான் விற்காமல் விட்டதற்கும் சேர்த்துத்தான் முதலாளி எனக்குச் சம்பளம் கொடுத்தார்.